வேலைக்குப் போவது வேறு, குடியிருக்கப் போவது வேறு

டோக்கியோவில் தோசாய் ரயில் கிழக்கு நோக்கி அரகாவா ஆற்றைத் தாண்டியதும் வருகிற நிலையம் நிஷிகசாய். சனிக்கிழமை மாலையில் அங்கே இறங்கினால் தமிழும் தெலுங்கும் இந்தியும் காதில் விழும். நிலையத்தைச் சுற்றி நடந்தால் இட்லி அரிசியும் தோசை மாவும் விற்கும் கடைகள் தென்படும். 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் தேதியைத் தப்பாகக் கணக்கிட்டுவிடும் என்று உலகமே பயந்ததல்லவா? அதைச் சரிசெய்ய ஜப்பானுக்கு வந்த இந்தியப் பொறியாளர்களில் பலர் இங்கேதான் தங்கினார்கள். அவர்களின் அலுவலகங்கள் இருந்த ஓதேமாச்சி, நிஹோன்பாஷி பகுதிகளுக்கு இங்கிருந்து ரயிலில் கால் மணி நேரம்தான். வாடகையும் நகரின் நடுப்பகுதியைவிடக் குறைவு. இன்று ஜப்பானில் இந்தியர்கள் 50 ஆயிரத்துக்கும் மேல். அவர்கள் மிக நெருக்கமாக வாழ்வது நிஷிகசாய் இருக்கும் எடோகாவா வார்டில். 2019-இல் இந்தியாவில் பிறந்த புராணிக் யோகேந்திரா இந்த வார்டின் மன்றத்துக்கே உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நான் மதுரைக்காரி. கணவரின் வேலையை ஒட்டி, கைக்குழந்தையோடு இங்கே வந்தேன். அந்தக் குழந்தை இப்போது நடுநிலைப் பள்ளியில் படிக்கிறாள். ஊரிலிருந்து புதிதாகக் கிளம்புகிறவர்கள் யார் மூலமாவது என் எண்ணை வாங்கிப் பேசுவார்கள். "அக்கா, இந்தச் சம்பளத்துல மாசம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். "எத்தனை வருஷம் இருக்கிறதா உத்தேசம் தம்பி?" என்று நான் கேட்பேன்.

அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. ஓரிரு வருடம் வேலைக்கு வந்து திரும்புகிறவருக்கு அலுவலகமும் அறையும் போதும். நீண்ட காலம் இருக்கப் போகிறவர் இந்த நகரத்தின் குடித்தனக்காரராக மாற வேண்டும். அந்த மாற்றம் பதிவேட்டில், மொழியில், அக்கம்பக்கத்தில் என்று பல இடங்களில் நடக்கிறது. அதை முதல் வருடத்திலேயே தொடங்கியவர்கள் இங்கே நன்றாக வாழ்கிறார்கள். தள்ளிப்போட்டவர்கள் பல வருடம் கழித்தும் விருந்தாளியாகவே இருக்கிறார்கள்.

கிளம்பும் முன்பே

நீண்ட காலத் தங்கலுக்கு, வேலை தரும் நிறுவனம் ஜப்பான் குடிவரவுத் துறையிடம் தகுதிச் சான்றிதழ் வாங்கி அனுப்பும். அதை வைத்துத்தான் விசா. குடும்பத்தோடு வருவதானால் திருமணப் பதிவுச் சான்றிதழும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் அவசியம். கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் விருந்து வைத்து, பதிவை அப்படியே விட்டுவிட்ட குடும்பங்கள் நம்மிடம் நிறைய. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். விசாவுக்காகக் கடைசி நேரத்தில் அலைவதைவிட இப்போதே முடித்துவிடுங்கள்.

அடுத்தது பெயர். நமக்கு அப்பா பெயர்தான் தலைப்பெழுத்து. கடவுச்சீட்டில் அது விரிந்து குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே எங்கள் வீட்டில் கணவருக்கு ஒரு குடும்பப் பெயர், எனக்கு ஒன்று, மகளுக்கு மூன்றாவதாக ஒன்று. ஜப்பானியச் சட்டப்படி ஜப்பானியத் தம்பதிக்கு ஒரே குடும்பப் பெயர்தான் இருக்க முடியும். ஆகவே மருத்துவமனையிலும் குழந்தைகள் காப்பகத்திலும் மூன்று பேரும் ஒரே வீடுதானா என்று எங்களிடம் கேட்டுவிட்டுத்தான் படிவத்தை வாங்கினார்கள். குடும்பத்தில் எல்லாருடைய பெயரையும் ஜப்பானியக் கடகானா எழுத்தில் எப்படி எழுதுவது என்று வந்த உடனே முடிவு செய்து, வங்கி முதல் பள்ளி வரை அதே எழுத்துகளைப் பயன்படுத்துங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வங்கிக் கணக்கில் சிக்கல் வரும்.

மருந்துப் பையையும் பார்த்துக் கட்டுங்கள். மருத்துவர் சீட்டில் எழுதிய மருந்து ஒரு மாத அளவுக்கு மேல் போனால் முன்கூட்டியே ஜப்பான் சுகாதாரத் துறையின் இறக்குமதி உறுதிச் சான்று வாங்க வேண்டும். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த சளி மருந்துகளுக்கு இங்கே தடை. இறைச்சிப் பண்டங்களையும், தாவரச் சுகாதாரச் சான்று இல்லாத பழங்களையும் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். அம்மா கட்டிக்கொடுத்த மாம்பழத்துக்கும் அதே விதிதான்.

14 நாளில் ஒரு முகவரி

நரிதா விமான நிலையத்திலோ ஹனேதா விமான நிலையத்திலோ இறங்கியதும் குடியிருப்பு அட்டை ஒன்றைக் கையில் தருவார்கள். 16 வயது நிரம்பியவர்கள் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். ஒரு முகவரியில் குடியேறிய 14 நாட்களுக்குள் வார்டு அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிய வேண்டும். அவர்கள் அதை அட்டையின் பின்புறம் எழுதித் தருவார்கள். டோக்கியோவின் மையப்பகுதி 23 வார்டுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றும் தனக்கென மேயரும் மன்றமும் உள்ள தனி நகராட்சி மாதிரி.

அந்த ஒரு பதிவிலிருந்துதான் மற்ற எல்லாம் கிளை விடுகின்றன. 'மை நம்பர்' எனப்படும் 12 இலக்க எண் அதன் பிறகுதான் வரும். கைபேசி இணைப்பு, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, குழந்தையின் தடுப்பூசிச் சீட்டு எல்லாவற்றுக்கும் பதிந்த முகவரி வேண்டும். அலுவலக வேலையில் மூழ்கி இதைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் வாரத்திலேயே ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு போய் வாருங்கள்.

வீடு தேடும் படலம்

டோக்கியோவில் வீடு பிடிக்கும்போது வாடகையைவிட முன்பணம்தான் மலைக்க வைக்கும். முன்வைப்பு ஒன்றிரண்டு மாத வாடகை. அதற்கு மேல் 'ரெய்கின்' என்று ஒன்று. வீட்டுக்காரருக்கு நன்றியாகத் தரும் இந்தப் பணம் திரும்பி வராது. தரகுக் கட்டணம் ஒரு மாதம் வரை. உத்தரவாத நிறுவனத்துக்கு அரை மாதமோ அதற்கு மேலோ. இவற்றோடு தீ விபத்துக் காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு. முதல் மாத வாடகையையும் கூட்டினால் சாவி கைக்கு வரும்முன் நான்கு முதல் ஆறு மாத வாடகை போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இன்னொரு மாத வாடகை கேட்பதும் வழக்கம். 'யூஆர்' எனப்படும் அரசுசார் குடியிருப்புகளில் ரெய்கின், தரகு, உத்தரவாதம், புதுப்பிப்புக் கட்டணம் எதுவும் கிடையாது. வாடகை சற்றுக் கூடினாலும் குடும்பமாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

வெளிநாட்டவர் என்பதாலேயே வீடு மறுக்கப்படுவதும் உண்டு. ஒரு தரகர் எங்கள் எதிரிலேயே உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தார். நாங்கள் இந்தியர்கள் என்றதும் மறுமுனையில் பேச்சு முடிந்துவிட்டது. தரகர் எழுந்து நின்று தலை குனிந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது பட்ட வலியை நான் மறக்கவில்லை. 2017-இல் ஜப்பான் நீதி அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவரில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் இப்படி மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். இது அநியாயம், மாற வேண்டியது. அதுவரை, வெளிநாட்டவருக்கு வீடு தரச் சம்மதிக்கும் உரிமையாளர்களைத் தெரிந்த தரகரிடம் போவதுதான் வழி. நிஷிகசாய் பக்கம் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

விளம்பரத்தைப் படிக்கவும் பழக வேண்டும். அறையின் அளவைத் தாதாமிப் பாய்க் கணக்கில் போடுவார்கள். நிலையத்திலிருந்து 10 நிமிட நடை என்றால் 800 மீட்டர் என்று பொருள், நிமிடத்துக்கு 80 மீட்டர் கணக்கு. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் நேரம் கூடும். வீட்டுக்குள் நுழைந்தால் கூரையில் விளக்கு இருக்காது, அடுப்பும் பெரும்பாலும் இருக்காது. எல்லாவற்றையும் விட முக்கியமாக, கட்டடத்துக்கு எப்போது அனுமதி வாங்கினார்கள் என்று கேளுங்கள். 1981 ஜூனில் நிலநடுக்கத்தைத் தாங்கும் விதிகள் கடுமையாக்கப்பட்டன. அந்தத் தேதிக்குப் பிறகு அனுமதி பெற்ற கட்டடமாகப் பாருங்கள். பழையது மலிவாகக் கிடைக்கும். அந்த மலிவு வேண்டாம்.

கையில் வரும் சம்பளம்

மருத்துவக் காப்பீடு இங்கே கட்டாயம். நிறுவனக் காப்பீடோ, வார்டு நடத்தும் தேசியக் காப்பீடோ, எதுவானாலும் மருத்துவச் செலவில் 30 சதவீதத்தை நாம் கட்டினால் போதும். 23 வார்டுகளில் குழந்தைகளின் அந்தப் பங்கையும் வார்டே ஏற்கிறது. முன்பு 15 வயது வரை இருந்த இந்த உதவி, 2023 ஏப்ரலிலிருந்து 18 வயது வரை நீட்டிக்கப்பட்டது. என் மகளுக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்தபோதெல்லாம் செலவை நினைத்து நான் தயங்கியதே இல்லை. இந்த நகரத்துக்கு நான் நன்றி சொல்லும் காரணங்களில் இது முதலாவது.

புதிதாக வந்தவர்கள் திடுக்கிடுவது குடியிருப்பு வரியில். ஜனவரி 1 அன்று எந்த வார்டில் பதிந்திருக்கிறோமோ அந்த வார்டுக்கு, போன வருட வருமானத்தில் கழிவுகள் போக மீதியில் ஏறக்குறைய 10 சதவீதம் கட்ட வேண்டும். முந்தைய வருடம் இங்கே வருமானமே இல்லை என்பதால் வந்த புதிதில் எதுவும் பிடிக்க மாட்டார்கள். அடுத்த ஜூனிலிருந்து பிடிக்கத் தொடங்குவார்கள், கையில் வரும் தொகை சட்டென்று குறையும். முதல் மாதங்களின் சம்பளத்தை நம்பி ஊரில் வீட்டுக்கடன் வாங்கிவிடாதீர்கள்.

ஓய்வூதியத்துக்காகச் சம்பளத்தில் 9.15 சதவீதம் போகும். அதே அளவு நிறுவனமும் போடும். இந்திய நிறுவனம் 5 வருடம் வரையான காலத்துக்கு அனுப்பிவைக்கும் ஊழியர், நம் வருங்கால வைப்புநிதி அலுவலகத்தில் சான்று வாங்கி வந்தால் இங்கே கட்ட வேண்டியதில்லை. 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இந்திய-ஜப்பான் ஒப்பந்தம் தந்த வசதி இது. ஜப்பானிய ஓய்வூதியம் பெற மொத்தம் 10 வருடச் சந்தா வேண்டும், அதற்கு இந்தியாவில் கட்டிய காலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஊர் திரும்பிய 2 வருடத்துக்குள் விண்ணப்பித்தால் கட்டியதில் ஒரு பகுதி மொத்தமாகக் கிடைக்கும். ஆனால் அதை வாங்கினால் அதுவரை கட்டிய காலம் கணக்கிலிருந்து அழிந்துபோகும். யோசித்து முடிவெடுங்கள். நிரந்தர வசிப்புரிமைக்குப் பொதுவாக 10 வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். புள்ளி முறையில் 70 பெற்ற உயர்திறன் பணியாளருக்கு 3 வருடம், 80 பெற்றவருக்கு 1 வருடம் போதும். எந்த வழியில் போனாலும் வரி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றையும் காலத்தில் கட்டினீர்களா என்று பார்ப்பார்கள்.

கூட வருகிறவரின் வாழ்க்கை

கணவருக்கோ மனைவிக்கோ துணையாக வருகிறவருக்குச் சார்ந்தோர் விசா. அதில் நேரடியாக வேலை செய்ய முடியாது. குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வரை செய்யலாம். நான் அப்படித்தான் ஓர் அலுவலகத்தில் பகுதிநேரமாகச் சேர்ந்தேன். பிறகு முழுநேர வேலை கிடைத்து, என் பெயரிலேயே வேலை விசாவுக்கு மாறினேன்.

படித்து, ஊரில் வேலை பார்த்து, இங்கே வந்து நான்கு சுவருக்குள் அடைபட்ட பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கணவருக்கு அலுவலகம் இருக்கிறது, குழந்தைக்குப் பள்ளி இருக்கிறது, அவளுக்கு எதுவும் இல்லை. நீண்ட காலம் தங்க வேண்டும் என்று முடிவெடுக்கும் கணவர்களிடம் உரிமையோடு சொல்கிறேன்: இங்கே வந்ததும் முதல் செலவு உங்கள் மனைவியின் மொழி வகுப்புக்காக இருக்கட்டும். அவர் காலூன்றினால்தான் குடும்பம் ஊன்றும்.

வகுப்புக்குப் பெரிய செலவும் ஆகாது. வார்டுகளில் தன்னார்வலர்கள் மிகக் குறைந்த கட்டணத்தில் சொல்லித் தருகிறார்கள். ஹிராகானா 46 எழுத்து, கடகானா 46 எழுத்து. இவை ஒரு மாத உழைப்பு. அன்றாடப் பயன்பாட்டுக்கான 2,136 கான்ஜி எழுத்துகள் பல வருட உழைப்பு. தமிழருக்கு ஒரு வசதி உண்டு. நம் மொழியைப் போலவே வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். நினைப்பதைத் தமிழ் வரிசையிலேயே அடுக்கினால் ஜப்பானிய வாக்கியம் பெரும்பாலும் சரியாகவே வரும். பேசத் தொடங்கியதும் கடைக்காரர், மருத்துவர், மாடிவீட்டுப் பாட்டி எல்லாரும் வேறு மனிதர்களாகத் தெரிவார்கள்.

அக்கம்பக்கம்

குடிவந்ததும் பக்கத்து வீட்டிலும் கீழ் வீட்டிலும் ஒரு சிறிய துவாலையோ பலகாரமோ கொடுத்து வணக்கம் சொல்வது இங்கே பழைய பழக்கம். நகரத்தில் குறைந்து வருகிறது, ஆனாலும் செய்யுங்கள். குழந்தை ஓடும் சத்தம் கீழே கேட்கும் என்று நாமாகவே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

குப்பைக்கு நாள் உண்டு. எரிவது ஒரு நாள், எரியாதது ஒரு நாள், பாட்டிலும் தகரமும் தாளும் இன்னொரு நாள். காலை 8 மணிக்குள் வைக்க வேண்டும். 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பொருளானால் தொலைபேசியில் பதிந்து, கடையில் கட்டண வில்லை வாங்கி ஒட்டி வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் புதியவரை எடைபோடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சைவ உணவுக்காரர்கள் கவனிக்க வேண்டியது சூப்பை. நம் தென்கடலோரத்தில் மாசி என்கிறோமே, அதே சூரை மீனை உலர்த்திச் சீவிக் கொதிக்க வைத்த சாறுதான் இங்கே பல உணவுகளின் அடிப்படை. காய்கறி மட்டும் மிதக்கும் கிண்ணத்திலும் அது இருக்கும். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

நிலத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். எடோகாவா வார்டின் நிலத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் கடல் பொங்கும் வேளையின் நீர்மட்டத்தைவிடத் தாழ்வு. பெருவெள்ளம் வந்தால் இங்கே தங்காமல் வார்டை விட்டே வெளியேறுங்கள் என்று 2019-இல் வார்டு வெளியிட்ட அபாய வரைபடம் வெளிப்படையாகவே சொன்னது. அதே வருடம் அக்டோபரில் ஹகிபிஸ் புயல் வந்தபோது வார்டின் ஒரு பகுதி மக்களை வெளியேறச் சொன்னார்கள். எங்கள் கைபேசிகள் அலறிக்கொண்டே இருந்தன. அறிவிப்பைப் புரிந்துகொள்ள முடியாத குடும்பங்கள் எங்கள் கட்டடத்திலேயே இருந்தன. மொழி உயிர் காக்கும் பொருள் என்று அன்று நேரில் கண்டேன். உங்கள் பகுதியின் தஞ்சமிடம் எந்தப் பள்ளி என்று தெரிந்துவைத்து, ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். ஒரு வாரத்துக்கான தண்ணீரும் உணவும் வீட்டில் இருக்கட்டும். தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் 119, காவல் துறைக்கு 110. 1923 பெரும் நிலநடுக்கத்தின் நினைவாக ஒவ்வொரு செப்டம்பர் 1-ஐ ஒட்டியும் பயிற்சிகள் நடக்கும். அதில் கலந்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரோடு பழகவும் அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

பிள்ளைகளும் பெற்றோரும்

2004-லும் 2006-லும் தொடங்கிய இந்தியப் பள்ளிகள் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன. நம் மத்தியக் கல்வி வாரியப் பாடத்திட்டம், ஆங்கில வழி, கட்டணம் உண்டு. ஜப்பானிய அரசுத் தொடக்கப் பள்ளியில் வெளிநாட்டுக் குழந்தைக்குச் சேர்க்கை கட்டாயமில்லை, ஆனால் வார்டில் விண்ணப்பித்தால் இடம் உண்டு, கல்விக் கட்டணம் கிடையாது. சில வருடத்தில் திரும்புவதானால் இந்தியப் பள்ளி பொருத்தம். தங்குவதானால் அரசுப் பள்ளியை எண்ணிப் பாருங்கள். நாங்கள் அதைத்தான் தேர்ந்தெடுத்தோம். முதல் வகுப்பிலிருந்தே மகள் தனியாக நடந்து போனாள், வகுப்பறையைத் தானே துடைத்தாள், சாப்பாட்டைத் தானே பரிமாறினாள். தமிழை வீட்டில் நாங்கள் விடாமல் பேசினோம். டோக்கியோ தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்குத் தவறாமல் அழைத்துப் போனோம். இரண்டு மொழியும் அவளுக்குச் சொந்தம்.

கடினமான பேச்சைக் கடைசியில் வைத்திருக்கிறேன். வெளிநாட்டவரின் பெற்றோருக்கென்று ஜப்பானில் நீண்ட கால விசா இல்லை. உயர்திறன் பணியாளரின் குழந்தை 7 வயதுக்குக் கீழே இருந்து, குடும்ப வருமானம் 80 லட்சம் யென்னுக்குக் குறையாமல் இருந்தால் குழந்தை வளர்ப்புக்காக அழைத்து வைத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. மற்றபடி 90 நாள் வந்து போகலாம், அவ்வளவுதான். அப்பா இறந்த பிறகு அம்மாவை இங்கே அழைத்துவந்து வைத்துக்கொள்ள நான் தேடாத வழியில்லை. வழி இல்லை. அம்மா மதுரையில் தனியாக இருக்கிறார், என் தம்பி பக்கத்துத் தெருவில் இருந்து பார்த்துக்கொள்கிறான். இங்கே தங்குவதற்கு எங்கள் குடும்பம் கொடுக்கும் விலை இது. ஒவ்வொரு குடும்பமும் இந்தக் கேள்வியை விமானம் ஏறும் முன்பே உடன்பிறந்தவர்களோடு உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். சம்பளக் கணக்கை அதற்குப் பிறகு போடலாம்.

டோக்கியோ விதிகளால் ஓடும் நகரம். அந்த விதிகளைக் கற்றுக்கொண்டவரை எந்த நாட்டவர் என்று பார்க்காமல் மருத்துவமனையிலும் பள்ளியிலும் தஞ்சமிடத்திலும் சேர்த்துக்கொள்கிறது. வீட்டு வாசலில் இன்னும் சிலர் தடுத்தாலும், வார்டு அலுவலகத்தின் வாசலில் யாரும் எங்களைத் தடுத்ததில்லை. வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது: முதல் வருடத்தை மிச்சம் பிடிப்பதற்காகச் செலவிடாதீர்கள். முகவரியைப் பதியுங்கள், மொழியைத் தொடங்குங்கள், பக்கத்து வீட்டாரின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். இருப்பது ஐந்து வருடமானாலும் இருபது வருடமானாலும், குடியிருப்பவராக இருங்கள்.